கனியக்கா ஐட்டம்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க, அண்ணாச்சி. எனக்கு இந்தப் பக்கம்தான் தோது. பேசும்போது கையையும் காலையும் ஆட்டுவேன், இடம் வேணும். தப்பா நினைச்சுக்கிடாதீங்க, தண்ணி கிண்ணி போடலை. பிளஸ் டூ படிக்கிறேன். இன்னைக்கு லீவு போட்டிருக்கேன். கோவில்பட்டியில எனக்கு ஒரு புரோகிராம் இருக்கு.

நம்ம கண்டக்டர் குரலைக் கவனிச்சீங்களா? மூக்குல பாதி, தொண்டையில பாதி. இருங்க. “கோயில்பட்டி யாரு, டிக்கெட் வாங்காத ஆளு யாரு… ஏம்மா, கூடைக்கும் டிக்கெட்டு உண்டும்மா, கூடை என்ன நடந்தா வருது?” பாத்தீங்களா, பாத்தீங்களா, முன்சீட்டு அம்மா சுருக்குப்பையைத் திறக்காங்க! கண்டக்டரே திரும்பிப் பாக்காரு, நம்ம வாய் எப்போ பேசுச்சுன்னு.

ஊர்ல எனக்கு டேப்புன்னு பேரு. ஆவுடையப்பன்னு கேட்டு வந்தா எங்க அம்மாவே ஒரு நிமிஷம் யோசிப்பா. யார் குரலா இருந்தாலும் ஒரு தடவை காதுல விழுந்தாப் போதும். போன வருஷம் ஹெட்மாஸ்டர் குரல்ல ஸ்கூல் மைக்கைப் பிடிச்சு, “கனமழை காரணமாக இன்று பிற்பகல் பள்ளி விடுமுறை”ன்னு சொன்னேன். வெயில் மண்டையைப் பொளக்குது. முந்நூறு பிள்ளைகளும் பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. ரெண்டு வாத்தியாருங்களும் குடையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. அடி வாங்கினேன்தான். ஆனா அந்தக் குடை இருக்கே, அதுக்கு எத்தனை அடி வேணும்னாலும் வாங்கலாம்.

என்ன புரோகிராம்னு கேக்கலையே நீங்க. இந்தக் கவரைப் பாருங்க. சம்மன். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல, அதான் கோட்டாட்சியர் ஆபீஸ்ல, பதினொரு மணிக்கு ஆஜராகணும். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள்ள ஒரு பொண்ணு செத்துப்போனா ஆர்.டி.ஓ.தான் விசாரிப்பாராம். எனக்கே இப்பத்தான் தெரியும். செத்தது எங்க தெருக் கனியக்கா. சண்முகக்கனி. கல்யாணமாகி அஞ்சு மாசம். புருஷன் ஜெயில்ல இருக்காரு. அட, முகத்தை அப்படி வெச்சுக்கிடாதீங்க, நான் ஒண்ணும் பண்ணலை. நான் சாட்சி. பதினேழு வயசுல சாட்சி, யாருக்குக் கிடைக்கும்?

முதல்ல கனியக்கா யாருன்னு சொல்லணும்ல. இருவத்திரண்டு வயசு. கடலைமிட்டாய்க் கம்பெனியில பாக்கெட் போடுற வேலை. கையில எப்பவும் வெல்லப்பாகு வாசனை அடிக்கும். சும்மா போற என்னைக் கூப்பிட்டு, “ஏலே டேப்பு, இன்னைக்கு யாரைக் கொல்லுதே?”ன்னு கேப்பா. கொல்லுறதுன்னா மிமிக்ரி பண்றது. நான் செய்வேன், அவ சிரிப்பா. எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம் கடைசியா ஒரு சிரிப்பு வரும் பாருங்க, அது கனியக்கா சிரிப்பு. லேட்டா ஆரம்பிப்பா, லேட்டா முடிப்பா. அதையும் செய்வேன், இப்ப வேணாம்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசிக்கிட்டே இருப்பா, சட்டுன்னு நின்னுருவா. கண்ணு ஒரே இடத்துல நிக்கும். வாய் மட்டும் வெறும்வாயில வெத்தலை மெல்லுற மாதிரி மெல்லும். வலது கை தாவணி நுனியைப் பிடிச்சு உருட்டும், உருட்டும், உருட்டிக்கிட்டே இருக்கும். அப்புறம் யாரும் கூப்பிடாமலே, “இந்தா வந்துட்டேன்… இந்தா வந்துட்டேன்”னு மெதுவாச் சொல்லுவா. ஒரு நிமிஷம், ஒண்ணரை நிமிஷம். அப்புறம் சாதாரணமா, “என்ன கேட்டீங்க?”ம்பா. ஞாபகமறதிப் பிள்ளைன்னு ஊர்ல விட்டுட்டாங்க. அவங்க அம்மா அன்னத்தாய் பெரியம்மை, “யோசனைக்காரி, அவ அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கா”ன்னு சொல்லும். நான்தான் அதை ஒரு ஐட்டமா ஆக்கினேன். ‘கனியக்கா வெத்தலை.’ தெருவுல, ஸ்கூல்ல, கோயில் கொடையில, எங்கே செஞ்சாலும் சிரிப்பு. செய்யும்போது பேரு சொல்லமாட்டேன் அண்ணாச்சி, ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையே இருக்காது. தாவணியை உருட்ட ஆரம்பிச்சதுமே சின்னப்பிள்ளைகள்கூட “கனியக்கா”ன்னு கத்தும். அதுதான் திறமை.

போன புரட்டாசியில எங்க ஊர்ச் சமுதாயக் கூடத்துல ஒரு முகாம். வலிப்பு நோய் விழிப்புணர்வு முகாம். சுவரெல்லாம் போஸ்டர். ‘வலிப்பு சாபம் அல்ல. சாவிக்கொத்து மருந்து அல்ல.’ வலிப்பு வந்தா இரும்பு குடுக்கணும்னு கையில சாவியைத் திணிப்போமே, அதைத்தான் போட்டிருந்தாங்க. நரம்பு டாக்டர் ஒரு அம்மா வரவேண்டியது, வண்டி எங்கேயோ பஞ்சராம். கூட்டம் கலையுது. ஹெட்மாஸ்டர் என்னைப் பாக்காரு. என்னைப் பாக்காரு அண்ணாச்சி, அன்னைக்கு அடிச்ச அதே மனுஷன். “ஆவுடையப்பா… ஒரு பத்து நிமிஷம்… மரியாதையான முறையில்…”

மைக்கு கையில வந்தா மரியாதை எங்கே நிக்கும்? பால் சொசைட்டிச் செயலாளரை எடுத்தேன். ரேஷன் கடைக்காரரை எடுத்தேன். ஹெட்மாஸ்டரையே அவர் முன்னால எடுத்தேன். கூடம் குலுங்குது. கடைசியா ஒரு உச்சம் வேணும்ல. கனியக்கா வெத்தலையை எடுத்தேன்.

எனக்குன்னு அமைஞ்ச நாள் அது. கண்ணு நிக்குது, வாய் மெல்லுது, கை உருட்டுது. மைக்ல மெதுவா “இந்தா வந்துட்டேன்…” கூட்டம் ஆர்ப்பரிக்குது. பின்னால கடலைமிட்டாய் பாக்கெட் குடுத்துக்கிட்டு நின்ன கனியக்காவும் சிரிக்கா. அவளை வெச்சுத்தான் சிரிக்காங்கன்னு அவளுக்கும் தெரியும். எதுக்குச் சிரிக்காங்கன்னு மட்டும் தெரியாது. அவ செய்யுறதை அவ எப்படிப் பாப்பா?

வாசல்ல அந்த டாக்டரம்மா நின்னுக்கிட்டு இருந்தாங்க. சிரிக்கலை. நேரா மேடைக்கு வந்தாங்க. “தம்பி, இன்னொரு தடவை செய்.” ஒன்ஸ்மோர்! செஞ்சேன். “எவ்வளவு நேரம் நீடிக்கும்? வாய் எந்தப் பக்கம் இழுக்கும்? முடிஞ்சப்புறம் ஏதாவது ஞாபகம் இருக்குமா?” எல்லாத்துக்கும் பதில் சொன்னேன், துல்லியமா. எனக்கு என்ன தெரியும், அந்தம்மா ரசிகைன்னு நினைச்சேன். அப்புறம் என் கையில இருந்த மைக்கை வாங்கினாங்க. அவங்க குரல் எப்படித் தெரியுமா, கண்ணாடி டம்ளரை மேசையில வைக்கிற மாதிரி. “நீங்க எல்லாரும் இப்போ சிரிச்சீங்களே, அது வலிப்பு. கீழே விழுந்து நுரை தள்ளினாத்தான் வலிப்புன்னு இல்லை. இதுவும் வலிப்புதான். இது ஒட்டாது. பேயும் இல்லை, சாபமும் இல்லை. மாத்திரை ஒழுங்காப் போட்டா நிறையப் பேருக்கு இது அடங்கிடும். அது யாருன்னு யாரும் சொல்லவேண்டாம்.”

யாரும் சொல்லலை அண்ணாச்சி. இருநூறு தலை ஒண்ணா பின்பக்கம் திரும்புச்சு. அவ்வளவுதான்.

கனியக்கா கையில அஞ்சாறு பாக்கெட் இருந்துச்சு. பக்கத்துல இருந்த பொம்பளைகிட்ட ஒண்ணை நீட்டினா. அந்தப் பொம்பளை வாங்கலை. சும்மா, வாங்கலை.

அதுக்கப்புறம் என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாதா. கம்பெனியில, “உடம்பைப் பாத்துக்கோம்மா, அப்புறம் சொல்லி அனுப்புதேன்”னு முதலாளி அனுப்பிட்டாரு. அவ தொட்ட மிட்டாயை யாரு வாங்குவான்னு பயம். முதலாளி குரல் நல்லா வரும் எனக்கு, தொண்டையில சளி. குழாயடியில அவ குடத்துக்கு முன்னால பின்னால குடம் வைக்கமாட்டாங்க. அன்னத்தாய் பெரியம்மை அவ இடுப்புல ஒரு சாவிக்கொத்தைக் கட்டிவிட்டுது. வீட்டுல பூட்டு ஒண்ணே ஒண்ணு, சாவி ஏழு. நடந்தா ஜல்ஜல்ன்னு சத்தம் கேக்கும். சின்னப்பசங்க அவ வர்றப்ப வீட்டுச் சாவியைத் தூக்கிக் காட்டி ஓடுவாங்க. அதை நான் சொல்லிக் குடுக்கலை, அவங்களாச் செஞ்சது. ஒரே ஒரு தடவை, ரெண்டு தடவை, அந்தச் சாவிச் சத்தத்தை வாயால செஞ்சு காட்டினேன். நல்லா வந்துச்சு.

கொஞ்ச நாள் கழிச்சு, ஒருநாள் மத்தியானம், மேல்நிலைத் தொட்டிக்குக் கீழ நான் சைக்கிளைக் கழுவிக்கிட்டு இருக்கேன். ஜல்ஜல். திரும்பினா கனியக்கா. அடிக்கப்போறான்னு நினைச்சேன். குடத்தைக் குழாய்க்குக் கீழ வெச்சுட்டு, “டேப்பு, நான் எப்படிப் பண்ணுவேன்னு செஞ்சு காட்டுலே”ன்னா.

“எதுக்குக்கா?”

“எனக்குத் தெரியாதுல்லா. நான் பாத்ததே இல்லையே. ஊரே பாத்திருக்கு, நான் ஒருத்திதான் பாக்கலை.”

செஞ்சேன். சிரிப்பான்னு எதிர்பார்த்துச் செஞ்சேன். அவ குத்தவெச்சு உக்காந்து, கன்னத்துல கையை வெச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா. குடம் நிறைஞ்சு வழியுது, குழாயை அடைக்கலை. முடிச்சதும் கேட்டா, “அவ்வளவு நேரமா?”

“கொறைச்சுத்தான்க்கா செஞ்சேன்.”

“கண்ணு அப்படியா நிக்கும்?” தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. “எனக்கு ஒரு நொடி மாதிரிதான் இருக்கும். லேசா ஒரு கருகல் வாடை வரும். யாரோ பேரு சொல்லிக் கூப்பிடுற மாதிரி இருக்கும். அப்புறம் பாத்தா எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருப்பீங்க. நானும் சிரிப்பேன்.” அப்புறம் கேட்டா, “டேப்பு, அடுப்புல பாகு கொதிக்கிறப்போ இப்படி வந்திருந்தா?”

“பாகு வாசனை போதாதுன்னு கனியக்கா வாசனையும் சேந்திருக்கும்”னேன். அதுக்குச் சிரிச்சா பாருங்க. லேட்டாத்தான். அப்புறம் சொன்னா, பெரியாஸ்பத்திரியில மாசாமாசம் மாத்திரை குடுக்காங்கன்னு, அம்மா அங்கே தன் பேரைக் குடுத்து வாங்கிட்டு வருதுன்னு. சீட்டுல ‘அன்னத்தாய், வயது நாற்பத்தாறு’. மூணு வாரமா ஒருதடவைகூட வரலைன்னா. “உன் ஐட்டம் போச்சு, டேப்பு. இனி வேற ஆளைப் பாரு.”

குடத்தைத் தூக்கி இடுப்புல வெச்சுட்டுப் போகும்போது ஒண்ணு சொன்னா. அவளுக்கு எட்டயபுரத்துக்குத் தெக்க ஒரு ஊர்ல மாப்பிள்ளை பேசி உறுதி பண்ணியிருந்தாங்க. வெயிலுமுத்து. லோடு ஆட்டோ ஓட்டுறவரு. “அவுககிட்ட நானே சொல்லிருவேன். மாத்திரை போட்டாச் சரியாயிரும்னு சொல்லிருவேன். புடிச்சா கட்டட்டும். எங்கம்மா உன்கிட்ட வரும். வந்தா நீ போகாதலே.”

நீ போகாதலே. இந்தக் குரல் மட்டும் எனக்குச் சரியா வரமாட்டேங்குது அண்ணாச்சி. பாருங்க. நீ போகாதலே. ம்ஹூம்.

மறுநாளே பெரியம்மை வந்துட்டுது. எங்க அம்மா வாசல்ல நின்னு சண்டைக்குத் தயாரா இருக்கா. பெரியம்மை சண்டையே போடலை. என் முன்னால உக்காந்து, “மாப்பிள்ளை வீட்டுக்குச் சேதி போயிட்டுதுய்யா. கல்யாணத்தை நிறுத்தப்போறாக. நீ ஆரம்பிச்சே, நீயே முடிச்சு வை. எல்லாம் உன் கற்பனைன்னு சொல்லு. எம்பிள்ளை அப்படியெல்லாம் செஞ்சதே இல்லைன்னு சொல்லு. எனக்கு இவளுக்குப் பின்னால இன்னும் ஒருத்தி இருக்கா”ன்னுது. அந்த ஒருத்தி செல்வி, என் கிளாஸ்தான்.

போகாம இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம். ஆனா யோசிச்சுப் பாருங்க, ஒரு கல்யாணம் என் நாக்குல தொங்குது. யாருக்காவது வருமா அப்படி ஒரு மேடை? போனேன்.

என்ன மரியாதைங்கிறீங்க அந்த வீட்டுல. நாற்காலி போட்டாங்க. வடை, பாயசம். வெயிலுமுத்தோட அம்மா கேட்டாங்க, “உண்மையைச் சொல்லுய்யா, அந்தப் பிள்ளைக்கு வலிப்பு உண்டா?” நான் சிரிச்சேன். அந்தச் சிரிப்பை ரெண்டு நாள் பழகிட்டுப் போயிருந்தேன். “அத்தை, அது நானாக் கட்டுன ஐட்டம். கனியக்கா அன்னைக்குப் பின்னால நின்னுச்சு, அதான் ஊரு தப்பா நினைச்சுக்கிட்டு.” நம்பலை. சூடம் கொண்டுவரச் சொன்னாங்க. உள்ளங்கையில சூடம் ஏத்தினாங்க. எரியுற சூடத்தை ஒரே அடியா அடிச்சு அணைச்சேன். “சத்தியமா நான் கட்டுனது.” இந்தா பாருங்க, இங்கே. இன்னும் வட்டமாத் தெரியுதா? தொட்டுப் பாக்கலாம்.

அப்புறம்தான் வெயிலுமுத்து அத்தான் கேட்டாரு, “அப்படி என்னதான் கட்டுனே, செஞ்சு காட்டு மாப்ளே, நாங்களும் பாப்போம்.” மாத்திச் செஞ்சிருக்கணும். வேற எதையாவது செஞ்சிருக்கணும். ஆனா கை தன்னால துண்டு நுனியைப் பிடிச்சு உருட்டுது, எனக்கு அரைகுறையாச் செய்ய வராது. முழுசா செஞ்சேன். கண்ணு, வாய், கை, “இந்தா வந்துட்டேன்”. அந்த வீடே விழுந்து விழுந்து சிரிச்சுது. அத்தான் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, “இதுக்கா வலிப்புன்னாங்க! இது நல்ல காமெடில்லா”ன்னாரு. நல்ல மனுஷன் அண்ணாச்சி. நல்லாச் சிரிப்பாரு.

தையில கல்யாணம். புருஷன் வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோனா தெரிஞ்சுரும்ல. பெட்டியில இருந்த அட்டையை எல்லாம் பெரியம்மை எடுத்துட்டுது. இது எனக்கு அப்போ தெரியாது. செல்வி பின்னால சொன்னா, அதுவும் அழுதுக்கிட்டே ஒரே ஒரு தடவை. இப்போ அவ என்கிட்ட பேசுறதில்லை. கனியக்கா அத்தான்கிட்ட சொல்லப் பாத்தாளாம். “எனக்கு ஒரு சீக்கு உண்டு”ன்னாளாம். “உங்க ஊர்ப் பையன் சூடம் அடிச்சுச் சொல்லிட்டான், நீ ஏன் ஊர்க்காரங்க பேச்சையே நினைச்சுக்கிட்டு இருக்கே”ன்னு அவரு சமாதானம் சொன்னாராம். பாருங்களேன், எவ்வளவு நம்பிக்கை என் மேல.

சித்திரையில எனக்கு ஒரு போன். அத்தான்தான். சிரிப்பு தாங்கலை அவருக்கு. “மாப்ளே டேப்பு! உங்கக்கா உன் ஐட்டத்தை அப்படியே செய்யுதாடா! நேத்துச் சோறு போட்டுக்கிட்டு இருக்கா, கரண்டியோட நின்னுட்டா. வாயை மெல்லுதா. ‘இந்தா வந்துட்டேன்’ங்கா. நானும் அம்மாவும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டோம். முடிச்சதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஒரு முகம் வெச்சுக்கிடுதா பாரு, அது உன்னாலகூட முடியாதுடா!”

நீங்க நேர்மையாச் சொல்லுங்க. அந்த இடத்துல நீங்க இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

எனக்குத் தெரியும். அந்த நிமிஷமே தெரியும். மாத்திரை நின்னுபோச்சுன்னு தெரியும். என்னைவிட நல்லாச் செய்யுதான்னா, அது ஐட்டம் இல்லைன்னு தெரியும். ஆனா சூடம் அடிச்சிருக்கேனே. அப்புறம், கேக்காதீங்க, கொஞ்சம் பொறாமையாவும் இருந்துச்சு. “உன்னாலகூட முடியாது”ன்னா என்ன அர்த்தம்? நான் சொன்னேன், “அக்கா என் சிஷ்யை அத்தான். அடுத்த தடவை செஞ்சா நல்லாக் கை தட்டுங்க.”

சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்.

ஆனியில ஒருநாள் காலையில, அத்தானோட அம்மா நூறுநாள் வேலைக்குப் போயிட்டாங்க. அத்தான் முன்வாசல்ல உக்காந்து ஆட்டோ டியூப்புக்கு ஒட்டு போட்டுக்கிட்டு இருக்காரு. கனியக்கா பின்னால சிமெண்டுத் தொட்டியில தண்ணி கோரப் போயிருக்கா. பின்பக்கத்துல இருந்து குரல் கேக்குது. “இந்தா வந்துட்டேன்… இந்தா வந்துட்டேன்…” அவரு கூப்பிடவே இல்லை. அப்புறம்தான் அவருக்குப் புரிஞ்சுது, ஐட்டத்தை ஆரம்பிச்சுட்டான்னு. உக்காந்த இடத்துல இருந்தே கையைத் தட்டினாராம். நல்லாத் தட்டினாராம். எதிர்வீட்டுக்காரங்களுக்கே கேட்டிருக்கு.

தொட்டியில முட்டளவு தண்ணிதான் அண்ணாச்சி. முட்டளவு.

முட்டளவு தண்ணியில இருவத்திரண்டு வயசுப் பொண்ணு எப்படிச் சாவான்னு போலீஸ் கேக்குது. வீட்டுல இருந்தது அவரு ஒருத்தர்தான். அவரு என்ன சொல்றாரு? “விளையாடுதான்னு நினைச்சுக் கை தட்டினேன் சார்.” யாரு நம்புவா? நானே நம்பமாட்டேன். பெரியம்மை, “எம்பிள்ளைக்கு ஒரு தலைவலி வந்தது கிடையாது, அமுக்கிக் கொன்னுட்டான்”னு எழுதிக் குடுத்துட்டுது. ஆஸ்பத்திரிச் சீட்டுல பெரியம்மை பேருதான் இருக்கு. அந்த டாக்டரம்மா கனியக்காவைத் தனியாப் பாத்ததே இல்லை. அவங்க பாத்ததெல்லாம் என்னைத்தான். அத்தானுக்கு இன்னைக்கு வரைக்கும் அது சீக்குன்னு தெரியாது. ஜெயில்ல உக்காந்து, ‘டேப்புன்னு ஒரு பையன், அவனைக் கேளுங்க, அவன் கட்டுன ஐட்டம்தான் அது’ன்னு என் பேரைக் குடுத்திருக்காரு. என்னை இன்னும் நம்புதாரு.

நேத்துப் பெரியம்மை மறுபடி வந்துச்சு. அதே இடத்துல உக்காந்துச்சு. “அன்னைக்கு என்ன சொன்னியோ அதையே சொல்லு. மாத்திச் சொல்லாத, சூடம் அடிச்சிருக்கே. அக்காவுக்கு இருந்துச்சுன்னா தங்கச்சிக்கும் இருக்கும்பாக. செல்வியை எவனும் தொடமாட்டான்.” சொல்லிட்டு என் காலைத் தொடக் குனிஞ்சுது. நான் தள்ளிப்போயிட்டேன். இடுப்புல ஜல்ஜல்னு சத்தம். அந்தச் சாவிக்கொத்து இப்போ பெரியம்மை இடுப்புல இருக்கு.

அதனால ரெண்டு ஐட்டம் கையில வெச்சிருக்கேன். ஒண்ணு, சும்மா சொல்றது: “ஐயா, அது என் கற்பனை, அந்த அக்காவுக்கு ஒண்ணும் கிடையாது.” நல்ல பையன் குரல்ல. ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும். இன்னொண்ணு, செஞ்சு காட்டுறது. வாயால சொன்னா ஆர்.டி.ஓ. நம்புவாரா? செஞ்சு காட்டினாத்தான் அந்தப் பொண்ணுக்கு அப்படித்தான் நடக்கும்னு தெரியும். எது நல்லா எடுபடும்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். இப்பவும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

ரெண்டாவதுல ஒரு சிக்கல் இருக்கு. நான் பாத்ததெல்லாம் அவ நின்னது மட்டும்தான். தொட்டிக்கு முன்னால குனிஞ்சு நிக்குறப்போ வந்தா என்ன ஆகும்? அதை நான் பாத்ததில்லை. பாக்காததை நான் செஞ்சதே இல்லை. கண்ணாடி முன்னால செய்யலாம்னு பாத்தேன், முடியலை. ஒரு ஆள் பாக்கணும். நீங்க பாக்குறீங்களா அண்ணாச்சி? உங்களுக்கு அவளைத் தெரியாது, என்னையும் தெரியாது. நம்புற மாதிரி இருக்கான்னு மட்டும் சொல்லுங்க.

இந்த முன்சீட்டுக் கம்பி இருக்குல்ல, இதுதான் தொட்டி விளிம்பு. இந்த நடைபாதைதான் தண்ணி. கையில வாளி. குனியுறா. சரியா? கருகல் வாடை வருது. யாரோ கூப்பிடுறாங்க.

இந்தா வந்துட்டேன். இந்தா… வந்துட்டேன். இந்தா…

…

ஏன் வண்டியை நிறுத்திட்டாங்க?

விடுங்க, விடுங்க, கையை விடுங்கம்மா, நான் எந்திரிச்சுக்குவேன். நெத்தியில ஒண்ணுமில்லை, கம்பி பட்டிருக்கும். ஐயோ, ஒண்ணுமில்லைங்க, நடிப்புங்க. சும்மா செஞ்சேன். கண்டக்டர் சார், விசில் அடிங்க, வண்டியை எடுக்கச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்கெல்லாம் வேணாம். எனக்கு ஒண்ணும் கிடையாது. ஏங்க, நான் மிமிக்ரி பண்றவன்ங்க! வேணும்னா உங்க குரலைச் செய்யுறேன், “கோயில்பட்டி யாரு, கோயில்…” ஏன் எல்லாரும் அப்படிப் பாக்குறீங்க?

சத்தியமா நடிப்பு. சூடம் வேணும்னாலும் அடிக்கிறேன்.

அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க இவங்ககிட்ட. நான்தான் முதல்லயே சொன்னேன்ல. எங்கே… ஏன் அங்கே போய் நிக்குறீங்க? இடம் இருக்கே. ஜன்னலோரம் உங்க இடம், அப்படியே இருக்கு. உங்க துண்டுகூட இங்கே கிடக்கு. உக்காருங்க அண்ணாச்சி. இன்னும் பாதி வழி இருக்கு.

சரி. நல்லது. ஒரு பஸ்ஸே நம்பிட்டுது. அப்போ ஆர்.டி.ஓ.வும் நம்புவாரு. அதையே செய்யுறேன். அத்தான் வெளிய வந்துருவாரு. செல்விக்கு… செல்விக்கு என்ன ஆகும்னு இப்போ நல்லாத் தெரியுது.

உக்காருங்க. ஒட்டாது இது. டாக்டரம்மா மைக்லயே சொன்னாங்க.

கையில என்னமோ திணிச்சிருக்கீங்களே, யாரு இது? சாவி. வீட்டுச் சாவி மாதிரி இருக்கு, சிவப்புக் கயிறு போட்டது. யாருதுங்க இது? அம்மா, உங்களுதா? முன்சீட்டு அம்மா? நீங்கதான் என் கையைப் பிடிச்சிருந்தீங்க. வாங்கிக்கோங்க, வீடு பூட்டிக் கிடக்கும்ல.

யாருதுங்க இந்தச் சாவி?

ஒருத்தர்கூட வாங்கமாட்டீங்களா?